அரிசி மூட்டை ஏற்றிய சிவப்புக் கார்

அந்தக் காரை வாங்கியதற்காக அக்கா என்னோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை.

ஆக்லாந்தின் தெற்கு ஓரத்தில், பாபகூராவில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் அக்காவும் அத்தானும் வாடகைக்கு இருந்தார்கள். அந்த வீட்டு வாசலில்தான் முதன்முதல் கொண்டுபோய் நிறுத்தினேன். சிவப்பு நிறம், இரண்டே இரண்டு இருக்கை. யப்பானில் யாரோ ஓடிக் கழித்து, கப்பலில் வந்து இறங்கிய ஸ்போர்ட்ஸ் கார். தொண்ணூறுகளில் ஆக்லாந்தில் அப்படியான கார்கள் மலிந்து கிடந்தன. லைட்டைப் போட்டால் முன்பக்கத்து மூடி திறந்து இரண்டு கண்களும் மேலே எழும்பும். புகைக்குழாய்ச் சத்தம் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் கேட்கும். அக்கா வாசலுக்கு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"உதென்னடி, தவளை மாதிரி?"

"கார்."

"காரோ? இதுக்குள்ள ஆர் ஏறுறது? நாளைக்கு உனக்கொரு கலியாணம், பிள்ளைகுட்டி எண்டு வந்தால் எங்க இருத்துவாய்? மடியிலயோ?"

"கலியாணம் வரட்டும், பிறகு பாப்பம்."

"கண்டறியாத காரும் நீயும்!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அத்தான் மட்டும் மெல்ல வந்து பானட்டைத் தடவிப் பார்த்தார். "நல்ல காராத்தான் இருக்குப் பிள்ளை" என்றார், உள்ளே கேட்காதபடி. எதையுமே குரலைத் தாழ்த்திச் சொல்கிற மனிதர் அவர். ஊரில் வங்கி வேலை, இங்கே பெற்றோல் ஸ்டேஷனில் கல்லாப்பெட்டி.

நான் எக்ஸ்ரே எடுக்கிற வேலை படித்தவள். ஆக்லாந்தில் எங்கும் இடம் கிடைக்காமல், தீவின் நடுவில் எரிமலைகள் நிற்கிற மேட்டுநிலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில்தான் வேலை கிடைத்தது. ஆட்டுமந்தையும் உருளைக்கிழங்கு வயலும் இராணுவ லொறியும் தவிர அந்தப் பக்கத்தில் வேறொன்றும் இல்லை. அங்கிருந்து பாபகூராவுக்கு வர, ரோடு நல்லபடியாக இருந்தால் அரை நாள் ஓட்டம். நடுவில் வருவதுதான் டெசர்ட் ரோடு. பெயரில் பாலைவனம், குளிர்காலத்தில் போனால் ஸ்னோ. பெயர் வைத்தவனைப் பிடித்து, இங்கே நடுக்குளிர்காலமான ஆடி மாதத்தில் ஒருநாள் அங்கே நிறுத்திவைக்கவேண்டும்.

அப்படியான ரோட்டுக்கு எவளாவது ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவாளா? வாங்கினேன். காரணம் அக்காதான், அதை அவளும் அறிவாள்.

அம்மா நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்னரே போய்விட்டாள். என் தலையை இழுத்துப் பின்னிவிட்டது, வாய்க்காரி என்று ஊரே சொன்னபோது எனக்காகச் சண்டைக்குப் போனது, பிறகு ஸ்பொன்சர் பண்ணி இந்த நாட்டுக்கு எடுப்பித்தது எல்லாம் அக்கா. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இருதயத்தில் கைவைத்துவிட்டுப் போயிருந்தது. ஊரில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இங்கே வந்த பிறகுதான் வால்வு பழுது என்றார்கள். சத்திரசிகிச்சைக்குப் பெயர் பதிந்துவிட்டு இருந்தாள். படி ஏறினால் மூச்சு வாங்கும். தேங்காய் துருவினால் பாதியில் நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்வாள்.

தெற்கே வேலைக்குப் போகிற அன்று என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "எனக்கு ஏதும் எண்டால் நீ வந்து பக்கத்தில நிக்கவேணும். உன்ர அத்தான் நல்ல மனுசன்தான், ஆனால் ஆஸ்பத்திரி வாசலைக் கண்டால் கால் நடுங்கும். எனக்கு நீதான் வேணும்."

"பறந்து வருவன், நீ சும்மா இரு" என்றேன்.

பறப்பதற்கு என் கைக்கு எட்டினது அந்தக் கார்தான். என்னுடைய பழைய கார் மேட்டைக் கண்டால் இருமும்.

முதல் குளிர்காலம் ஓட்டக் கற்றுக்கொள்ளவே போய்விட்டது. காலையில் கண்ணாடி முழுக்க உறைபனி. யாழ்ப்பாணத்து மூளை என்ன செய்யும்? கேத்தல் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து ஊற்றியது. டக்கென்று கண்ணாடி குறுக்கே வெடித்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் வேலிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனான். எஞ்சின் பின்சில்லை மட்டும் சுற்றுகிற கார், பின்னுக்குப் பாரமும் இல்லை. பனியில் காலை அழுத்தினால் பின்பக்கம் தன்பாட்டில் வழுக்கி முன்னுக்கு வரப் பார்க்கும். அங்கேயுள்ள ஆட்கள் டிக்கிக்குள் மணல் மூட்டை போடுவார்கள். மணலை அள்ளிக் கட்ட எனக்கு எங்கே பொறுமை? ஆக்லாந்து இந்தியக் கடையில் குத்தரிசி மூட்டை இரண்டு வாங்கி டிக்கிக்குள் போட்டேன். கார் அடங்கியது.

அக்காவுக்கு அது போதாதா? "ஊரில சனம் அரிசிக்கு அலையுது, இவள் அரிசிக்கு ஊர் சுத்திக் காட்டுறாள்" என்று போனில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அதற்குள் கோபம் போய்விட்டிருந்தது. நான் வரும் வெள்ளிக்கிழமைகளில் தெருமுனைச் சத்தத்தைக் கேட்டே தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாளாம். ஒருநாள் தானாகவே வந்து காருக்குள் ஏறி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எங்க, ஒருக்கா ஓட்டு பாப்பம்" என்றாள். மோட்டர்வேயில் ஏறி வேகத்தைக் கூட்டினேன். பயந்து கத்துவாள் என்று நினைத்தால், "இன்னும் கொஞ்சம்" என்றாள்.

ஸ்னோவைப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஒரே ஆசை. குளிர் கூடாது என்று டாக்டர் மறித்துவிட்டார். ஆடிப்பிறப்புக்குக் கூழ் குடிக்க வந்தபோது, மீன் பிடிக்கப் போகிறவர்கள் ஐஸ் போட்டுக் கொண்டுபோகிற பெட்டி நிறைய ரோட்டோரத்து ஸ்னோவை அள்ளிக்கொண்டு வந்தேன். பாபகூரா வந்து சேரப் பாதி தண்ணீர். அக்கா குசினி மேசையில் வைத்துத் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்தாள், பிறகு ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டாள்.

"இதென்னடி, இனிப்பில்லாத ஐஸ்பழம். இதுக்கே நீ இவ்வளவு பயப்பிடுறாய்?"

அத்தான் ஒரு கூழ்க்கோப்பையில் கொஞ்சம் எடுத்து ஃபிரீசருக்குள் வைத்தார். கனநாளாக அது அங்கேயே இருந்தது.

மூன்றாவது குளிர்காலத்தில் அப்பா போனார். யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, வன்னியில் மரத்துக்குக் கீழ் கிடந்து, கடைசியில் வைத்தியத்துக்கென்று கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். அத்தான் என் வேலையிடத்துக்குப் போன் எடுத்தார். அதே தாழ்ந்த குரல்.

"பிள்ளை, அப்பாவுக்குக் கொஞ்சம் கடுமை. நீர் இஞ்ச வாரும். எல்லாரும் சேந்து போனில அவரோட கதைப்பம். ஸ்னோ எண்டு ரேடியோவில சொல்லுறாங்கள், ஆறுதலா வாரும்."

"உண்மையைச் சொல்லுங்கோ அத்தான். அப்பா இருக்கிறாரோ?"

"இருக்கிறார், இருக்கிறார். கடுமைதான்."

ஆறுதலாவது மண்ணாங்கட்டியாவது! டெசர்ட் ரோட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அரிசி மூட்டை இருந்தும் கார் ஒருதரம் முழுசாகச் சுற்றி, வந்த பக்கம் பார்த்து நின்றது. எதிரில் லொறி வராதது என் அதிர்ஷ்டம். திரும்ப ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு ஓடினேன். வழி முழுக்க அப்பாவோடு என்ன கதைப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் லைன் கிடைக்காது. எது முதலில், எது பிறகு என்று வாய்விட்டுச் சொல்லியே பார்த்தேன்.

தெருவில் திரும்பும்போதே இரண்டு பக்கமும் கார்கள். வீட்டு வாசலில் செருப்பும் சப்பாத்தும் குவியலாகக் கிடந்தன. எனக்கு அந்த வாசலிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. உள்ளே வெள்ளைச் சேலைகள். அப்பாவை முதல்நாளே கொழும்பில் எரித்துவிட்டிருந்தார்கள்.

நம்முடைய சனத்துக்கு இது ஒரு பழக்கம். வழிப்பயணம் வரவேண்டியவருக்குச் செத்த செய்தி சொல்வதில்லை. கடுமை என்றுதான் சொல்வது. வந்து சேர்ந்த பிறகு வாசல் சொல்லிக்கொள்ளும். எங்களுக்கெல்லாம் அது தெரியும், தெரிந்தும் ஒவ்வொரு முறையும் நம்பிக்கொண்டு ஓடிவருவோம். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. செத்த வீடு என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"வழி முழுக்க அப்பாவோட கதைச்சுக்கொண்டு வந்தனான்! என்னை விசரியாக்கிப் போட்டியள்! ஆர் உங்களைப் பொய் சொல்லச் சொன்னது?"

"எடி, ஸ்னோவுக்க அந்தத் தவளைக் காரில வாறவளுக்குச் செத்தது எண்டு சொல்லுறதே?" அக்கா மூச்சு வாங்கியபடி சொன்னாள். "வழியில உனக்கொண்டு நடந்தால் நான் என்ன செய்யிறது? ஒரு வீட்டில ரெண்டு சாவோ?"

அக்காவோடு சண்டை பிடித்து வெல்ல முடியாது. அத்தானைப் பிடித்தேன். சுவாமிப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, இனி எனக்கு எந்தச் செய்தி என்றாலும் உள்ளது உள்ளபடி சொல்வதாகச் சத்தியம் வாங்கினேன். பாவம் மனிதர், கண் கலங்கியபடி, "இனி உமக்குப் பொய் சொல்லமாட்டன் பிள்ளை" என்றார்.

அடுத்த குளிர்காலம். ஒரு விடியற்காலையில் குவார்ட்டர்ஸில் போன் அடித்தது. இரவு விழுந்த பனி யன்னல் விளிம்பில் படிந்திருந்தது.

"பிள்ளை" என்றார் அத்தான். "அக்காவுக்குக் கொஞ்சம் கடுமை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கு. ஸ்னோ எண்டு ரேடியோவில சொல்லுறாங்கள், ஆறுதலா வாரும்."

ஒரு சொல் மாறாமல் போன வருடத்து வசனம். அதே குரல்.

"அத்தான், அக்கா இருக்கிறாவோ?"

"இருக்கிறா, இருக்கிறா."

"அவவிட்டப் போனைக் குடுங்கோ."

"போன் கீழ இருக்குப் பிள்ளை. அவ மேல வாட்டில."

அவ்வளவுதான். ரிசீவரை வைத்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன். அக்கா செத்துப்போனாள் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. அத்தான் பண்ணிய சத்தியம் நினைவுக்கு வந்தது. வந்தும் என்ன? நான் அந்த நேரம் என்ன கேட்டிருந்தாலும் செத்தவளுக்கும் உயிரோடு இருக்கிறவளுக்கும் ஒரே பதிலைத்தான் நம்முடைய சனம் சொல்லும். ஆஸ்பத்திரிக்கு நானே போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். தினமும் ஆஸ்பத்திரிகளோடு கதைக்கிறவள்தானே நான். ஆனால் யாரோ ஒரு நேர்ஸ், அன்பான குரலில், இங்கிலீசில், அக்கா செத்துவிட்டாள் என்று எனக்குச் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை.

எழும்பித் தலைக்கு முழுகினேன். வெள்ளைச் சேலை இருக்கிறதா என்று தேடி எடுத்துப் பையில் வைத்தேன். டிக்கியில் அரிசி மூட்டை இருந்தது.

வையோரு என்ற இராணுவ ஊரில் டெசர்ட் ரோட்டுக்குக் குறுக்கே தடுப்பைப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரன் காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். மலைக்கு மேற்கால் சுற்றிப் போகிற ரோடு திறந்திருக்கிறது, ஆனால் மோசம், சில்லுக்குச் சங்கிலி போட்டால் போகலாம், இல்லையென்றால் இது திறக்கும்வரை காத்திரு என்றான். சங்கிலி என்னிடம் இருந்தது. போட்டுப் பழகியவள்தான். எனக்கு முன்னால் நின்ற இரண்டு மூன்று கார்கள் சங்கிலியைப் போட்டுக்கொண்டு மேற்கால் திரும்பின.

நான் திரும்பவில்லை. செத்தவளுக்கு இனி என்ன அவசரம்? போன வருடம் அப்பாவுக்கென்று ஓடிக் காரைச் சுற்றவிட்டது போதும். ஒரு வீட்டில் ரெண்டு சாவோ என்று கேட்டாளே, அவளுடைய பேச்சை ஒருநாளாவது கேட்போம் என்று நினைத்தேன். காரை ஓரத்தில் நிறுத்திவிட்டுத் தேநீர்க்கடைக்குள் போய் உட்கார்ந்தேன்.

மதியம் தாண்டும்வரை அங்கே இருந்தேன். முன்னால் தேநீர் ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. அவளுக்கு எந்தச் சேலையை உடுத்துவது, அத்தான் இனிமேல் எப்படிச் சாப்பிடுவார், கூறைச்சேலை எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று யோசித்தேன். அவள் என் தலையைப் பின்னியது, ஸ்னோவை வாயில் போட்டது, மோட்டர்வேயில் இன்னும் கொஞ்சம் என்றது எல்லாவற்றையும் ஒன்றொன்றாக நினைத்து அழுதேன். கடைக்காரி வந்து தோளைத் தட்டி ஒரு பேப்பர் நாப்கின் கொடுத்தாள். என் அக்கா இறந்துவிட்டாள் என்று அவளிடம் சொன்னேன். நான் அதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

தடுப்பைத் தூக்கியதும் புறப்பட்டேன். இரண்டு பக்கமும் பனிச்சுவர், நடுவில் கறுப்பாக ஒரு கோடு. மெதுவாக, மிக மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அடியுங்கள் என்று விட்டேன். வழியில் ஏரிக்கரையில் ஒருதரம் நிறுத்தினேன், ஹாமில்டனில் பெற்றோல் அடிக்க ஒருதரம். ஆக்லாந்துக்கு முன்னால் வருகிற பொம்பே மேட்டில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆக்லாந்தில் ஸ்னோ விழுவதில்லை, மழைதான். கண்ணாடியில் இருந்த கடைசிப் பனியும் கரைந்து ஓடியது.

ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை. செத்த ஆளை ஆஸ்பத்திரியில் போய்த் தேடுவார்களா? வீட்டுக்குப் போனேன்.

தெருமுனையில் திரும்பினேன். ஒரு கார் இல்லை. தெரு வெறிச்சென்று கிடந்தது. வேறு தெருவுக்கு வந்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். வீட்டு வாசலில் ஒரு செருப்பு இல்லை. லைட் இல்லை. கதவு பூட்டியிருந்தது. குசினி யன்னலால் பார்த்தேன். தோசைக்கல் கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தது.

செத்த வீட்டில் ஏன் ஒருவரும் இல்லை?

பக்கத்து வீட்டு மாவோரிப் பெண் வெளியே வந்தாள். "இருவரும் காலையிலிருந்து ஆஸ்பத்திரியில்தான். உன் அக்கா உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம், உன் அத்தான் மதியம் உடுப்பு எடுக்க வந்தபோது சொன்னார். நீ இன்னும் போகவில்லையா?" என்று இங்கிலீசில் கேட்டாள்.

அதன்பிறகு நான் ஓட்டியதை ஓட்டம் என்று சொல்லக்கூடாது. சிவப்பு லைட் எதையும் நான் பார்க்கவில்லை. அந்தக் காரை நான் எதற்காக வாங்கினேனோ அந்த ஓட்டம் அதுதான், பாபகூராவிலிருந்து ஆஸ்பத்திரி வரை. ஆஸ்பத்திரி வாசலில் காரை அப்படியே விட்டுவிட்டுப் படிகளில் ஓடினேன்.

வாட்டுக்கு வெளியே வாங்கில் அத்தான் தனியே உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்து, முடியாமல் திரும்பவும் இருந்தார்.

"இப்பதான் பிள்ளை. நீர் வாறதுக்குக் கொஞ்சம் முந்தி."

அவர் பக்கத்தில் இருந்துவிட்டேன்.

"காலமை நல்லாக் கதைச்சவ. உமக்குச் சொல்லவேண்டாம், ஸ்னோவுக்க ஓடிவருவாள் எண்டுதான் மறிச்சவ. நான்தான் கேக்கேல்லை. உம்மட்டச் சத்தியம் பண்ணினனான் எல்லே? அதுதான் இந்தமுறை உள்ளதைச் சொன்னனான்." குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "மத்தியானத்துக்குப் பிறகு யன்னலைத் திறக்கச் சொன்னவ. உம்மட கார்ச் சத்தம் கேக்கும், கேட்டால் சொல்லுங்கோ எண்டவ. இஞ்சத்தை யன்னல் திறக்கேலாது எண்டு நேர்ஸ் சொல்லிப்போட்டுது. பிறகும் அந்தப் பக்கம்தான் பாத்துக்கொண்டு கிடந்தவ."

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று தெரு நிறையக் கார்கள், வாசல் நிறையச் செருப்புகள். வாய்க்கரிசி போட யாரோ அரிசி கேட்டார்கள். குசினியில் அரிசிப் பேணி அடியோடு காலி. அவள் போன நாளிலிருந்து வாங்கி நிரப்ப ஆள் இல்லை. நான் வெளியே போய் டிக்கியைத் திறந்து, மூட்டையின் தையலைப் பிரித்து, ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு வந்தேன். எத்தனையோ ஸ்னோவில் கிடந்த அரிசி, விரலுக்குச் சில்லென்று இருந்தது. அதைத்தான் அக்காவின் வாயில் போட்டேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் வேலைக்குத் திரும்பவேண்டும். தெற்கே இன்னும் பனி கொட்டுகிறது என்றது ரேடியோ. அத்தான் வந்து, பிரித்த மூட்டையின் வாயைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டித் திரும்பவும் டிக்கிக்குள் வைத்தார். "ஆறுதலா..." என்று வழக்கம்போலத் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தி, டிக்கியை மூடினார்.